அழுத்தி உரைக்கும் எழுத்து

ஆங்கில அகராதியைப் புரட்டும் மாணவன், தேடும் சொல்லை விரைவில் கண்டுகொள்கிறான். பக்கம் முழுவதும் மெல்லிய எழுத்தாயிருக்க, தலைச்சொல் மட்டும் தடித்துக் கருமையாய் நிற்பதே அதற்குக் காரணம். எளிதாய்த் தோன்றும் இவ்வேற்பாடு அச்சுக் கலைஞர் பலரின் உழைப்பால் விளைந்தது.

ஆங்கில எழுத்துக் கோடுகளின் முனையிலுள்ள சிறு பாதங்களைச் 'செரிப்' என்பர். பழைய நூலெழுத்துகளில் இவை மெலிந்திருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மாநகரின் சுவர்களில் விளம்பரங்கள் பெருகின. வழிப்போக்கனை நிறுத்திப் படிக்கச் செய்யும் எழுத்து தேவைப்பட்டது. 1815க்கும் 1817க்கும் இடைப்பட்ட காலத்தில் வின்சென்ட் பிகின்ஸ் என்னும் எழுத்து வார்ப்பாளர் அத்தகைய எழுத்தொன்றை வெளியிட்டார். அதன் கோடுகள் யாவும் ஏறத்தாழ ஒரே பருமன். பாதங்களும் கட்டை போல் சதுரமாய்த் தடித்தவை. இவ்வகையே பின்னர் 'எகிப்தியன்' என்றும் 'ஸ்லாப் செரிப்' என்றும் பெயர் பெற்றது.

சுவரில் கூவிய இவ்வெழுத்தை நூலுக்குள் அடக்கமாய் அமர்த்தியவர் ராபர்ட் பெஸ்லி. லண்டன் பேன் தெரு வார்ப்பகத்தில் பங்காளியாயிருந்த அவர், பெஞ்சமின் பாக்ஸ் என்பாரின் கைவண்ணத்தில் உருவான 'கிளாரண்டன்' எழுத்தை 1845இல் வெளியிட்டார். பாதம் கோட்டோடு சேருமிடத்தில் மெல்லிய வளைவு. பருமனிலும் அளவான வேறுபாடு. ஆதலின் அது மெல்லிய எழுத்தோடு ஒரே வரியில் இணங்கி நின்றது. பெஸ்லி அதனைச் சட்டப்படி பதிவு செய்தார். ஆனால் அக்காப்பு மூன்றாண்டுகளுக்கே செல்லும். அது முடிந்ததும் பிற வார்ப்பகங்கள் தயக்கமின்றி அவ்வடிவத்தைப் பின்பற்றின. படைத்தவருக்கு அது இழப்பே. எனினும் படிப்போருக்கு நன்மையாயிற்று. 1884 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் தலைச்சொற்கள் கிளாரண்டன் எழுத்திலேயே அமைந்தன.

சாய்வெழுத்தின் வரலாறு இன்னும் பழையது. 1501இல் வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூசியஸ், வர்ஜிலின் கவிதைகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டார். கையெழுத்தைத் தழுவி அதனைச் செதுக்கியவர் பிரான்செஸ்கோ கிரிபோ. அன்று நூல் முழுவதற்கும் உரியதாயிருந்த சாய்வு, நாளடைவில் ஒரு சொல்லைச் சிறப்பித்துக் காட்டும் குறியாயிற்று.

இருபதாம் நூற்றாண்டில் கட்டைப் பாத எழுத்து மீண்டும் தழைத்தது. 1929இல் ஜெர்மனியில் 'மெம்பிஸ்', 1934இல் இங்கிலாந்தில் 'ராக்வெல்' ஆகியவை தோன்றின. இக்குடும்பங்களில் சாய்வு என்பது கையெழுத்தின் நெளிவைக் கொண்டதன்று. நிமிர்ந்த உருவையே சாய்த்து வைத்ததைப் போன்றது. பருமனும் சாய்வும் ஒருங்கே சேரும்போது எழுத்துக்கு உறுதியோடு விரைவும் வந்துவிடுகிறது. தலைப்பு, விளம்பரம், பெயர்ப்பலகை ஆகியவற்றிற்கு அது பொருந்தும். பத்தி முழுவதும் அவ்வாறே அமைந்தால் கண் விரைவில் சோர்ந்துவிடும்.

இன்று கணினியில் ஒரு விசையைத் தட்டினால் எழுத்து தடிக்கிறது. மற்றொன்றைத் தட்டினால் சாய்கிறது. எளிதில் கிடைப்பதாலேயே பாடத்தாள்களில் வரிதோறும் தடித்த எழுத்து நிறைவதைக் காண்கிறோம். வகுப்பில் எல்லாச் சொற்களையும் உரக்கக் கூறும் ஆசிரியரிடம் எது முக்கியம் என்பதை மாணவன் எவ்வாறு அறிவான்? அகராதிப் பக்கத்தில் தலைச்சொல் பளிச்சிடுவது, சுற்றியுள்ள எழுத்துகள் அடங்கி நிற்பதால்தான்.