தாழ்வாரம் போனபின் உரியும் வண்ணம்

திருநாவலூருக்குப் பெயர் தந்தது நாவல் மரம். ஆனால் அந்த ஊர்க் கோயிலைச் சோழர்கள் கல்லால்தான் கட்டினார்கள். 949-இல் தக்கோலப் போரில் மாண்ட சோழ இளவரசன் இராசாதித்தன் காலத்தில் திருத்தொண்டீச்சரம் என்னும் அக்கோயில் கற்றளியானதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஊரும் இராசாதித்தபுரம் என்று பெயர் பெற்றது. இதே நடுநாட்டுப் பக்கம், செஞ்சிக்கு அருகிலுள்ள மண்டகப்பட்டில், ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன் குடைந்த கோயிலின் கல்வெட்டு இன்னும் தெளிவாகப் பேசுகிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் எழுப்பிய கோயில் என்று அரசனே அங்கே குறித்து வைத்திருக்கிறான். அதற்கு முன் கோயில்களை எதனால் கட்டினார்கள் என்பதற்கு அந்தப் பெருமிதமே சாட்சி. கற்கோயில்களில் உத்திரமும் போதிகையும் கொடுங்கையும் தச்சு வேலையின் சாயலோடு நிற்பதும் அதனால்தான். வெயிலிலும் மழையிலும் மரம் நிற்காது என்று அன்றே கண்டுகொண்டவர்கள், சாமிக்குக் கல்லைத் தேடிப் போனார்கள். மனிதர் வாழும் வீட்டுக்கு மரம் வேண்டியிருந்தது. அதன் மேல் கூரையை நீட்டினார்கள். வீட்டின் வெளிமரத்தில் பெயிண்ட் ஏன் தங்குவதில்லை என்ற இன்றைய கேள்விக்கு அந்த நீட்டிய கூரையில்தான் விடை இருக்கிறது என்பது என் கருத்து.

நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். வைரம் பாய்ந்த பனங்கைகள் சுவரைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். கூரை தாழ்ந்து வந்து திண்ணையை மூடும். திண்ணைத் தூண், நிலை, கதவு எல்லாம் அந்த நிழலுக்குள் நின்றன. சாரல் எப்போதாவது எட்டும். அன்றைக்கே காற்றில் காய்ந்துவிடும். அந்த மரத்தின் மேல் இன்றைய பொருளில் பெயிண்ட் எதுவும் இல்லை. எண்ணெய் பூசினார்கள், வாசற்படிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தார்கள், அவ்வளவுதான். தேரும் அப்படியே. இலுப்பை மரத்தில் செய்த தேருக்கு வேப்பெண்ணெயோ இலுப்பை எண்ணெயோ பூசினார்கள். திருவிழா நாள் போக மற்ற நாளெல்லாம் அது கொட்டகைக்குள் நின்றது. எண்ணெய் மரத்தின் மேல் தோலாகப் படியாமல் உள்ளே இறங்குகிறது. தீர்ந்தால் மறுபடி பூசலாம். சுரண்டி எடுக்க ஒன்றுமில்லை. இந்த முறை கடும் மழையிலும் தாங்கும் என்பதற்குக் கல்குளம் பக்கம் பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்கலாம். ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் மண்ணில், தாழ்ந்த ஓட்டுக் கூரைக்கு அடியில், நூற்றாண்டுகள் கடந்த மரவேலை இன்றும் இருக்கிறது.

பிறகு இரண்டு மாற்றங்கள் சேர்ந்து வந்தன. 1902-இல் ஹவுராவில் ஷாலிமார் ஆலை தொடங்கியது, 1942-இல் ஏஷியன் பெயிண்ட்ஸ் பிறந்தது. டப்பாவில் அடைத்த எனாமல் மெல்ல மெல்லச் சிற்றூர்க் கடைவரை வந்து சேர்ந்தது. கூடவே கான்கிரீட் தளமும் வந்தது. திண்ணை போயிற்று, தாழ்வாரம் போயிற்று, கதவு தெருவைப் பார்த்து வெட்டவெளியில் நின்றது. அதற்குக் காவலாக மேலே ஒன்றரை அடி சன்ஷேடும் மரத்தின் மேல் ஒரு பூச்சும் மட்டுமே மிஞ்சின. கூரை செய்துவந்த வேலையைக் காகிதம் போன்ற மெல்லிய ஒரு படலத்திடம் ஒப்படைத்துவிட்டோம்.

அந்தப் படலத்தால் ஏன் முடியவில்லை என்பதை மரத்தின் இயல்பு சொல்லும். வெட்டி வீட்டில் வைத்த பிறகும் மரம் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருக்கும். பச்சைத் தேக்கு முற்றிலும் உலரும்போது அகலவாக்கில் நூற்றுக்கு ஐந்து, ஆறு பங்கு சுருங்குகிறது. நீளவாக்கில் கால் பங்குகூட இல்லை. சித்திரை வெயிலுக்கும் ஐப்பசி அடைமழைக்கும் நடுவே பலகை ஒடுங்கி விரியும்போது, வயதாகி இறுகிய எனாமல் கூடவே அசைய முடியாமல் பொருத்துகளில் மயிரிழையாக வெடிக்கிறது. நீர் நுழைய அது போதும். மரத்தின் வெட்டுமுகம் பக்கவாட்டைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். நிலைக்காலின் அடிமுனையோ சிமெண்டில் புதைந்திருக்கிறது; தினமும் காலையில் வாசல் தெளிக்கும் நீர் அங்கேதான் போய்ச் சேர்கிறது. உள்ளே போன ஈரத்தை வெயில் வெளியே இழுக்கும்போது படலம் வழிமறிக்கிறது. கொப்புளம் எழுகிறது, பிறகு உரிகிறது. பெரும்பாலான வீடுகளில் கதவின் கீழ்ப்பகுதி முதலில் கெடுவது இதனால்தான்.

அந்தக் காலப் பெயிண்ட் தரமானது, இன்றையது மட்டம் என்று சொல்வோர் உண்டு. ஆளி விதை எண்ணெயில் ஈயவெள்ளை கலந்த பழைய பூச்சு நெகிழ்ந்து கொடுத்தது. உரியாமல் மாவாகத் தேய்ந்தது. அது உண்மை. ஆனால் ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் நஞ்சு. இந்தியாவிலும் 2017 முதல் வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது. தவிர, பின்னாலிருந்து ஈரம் ஏறிய மரத்தில் ஈயப் பூச்சும் கொப்புளித்தது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: பனியிலும் மழையிலும் நிற்கும் ஐரோப்பிய மர வீடுகளுக்கு வண்ணம் இல்லையா? இருக்கிறது, ஆனால் எப்படிப்பட்ட வண்ணம் என்று கேட்க வேண்டும். சுவீடனில் ஃபாலுன் செம்புச் சுரங்கத்துச் செம்மண்ணைக் ரை என்னும் தானியத்தின் மாவோடு காய்ச்சிப் பூசுகிறார்கள். அது ஈரத்தை அடைப்பதில்லை, உரியாமல் மங்குகிறது. நார்வேயின் பழைய மரக் கோயில்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தார் பூசி வருகிறார்கள். மரம் மூச்சுவிட வழிவிட்டு, தேய்ந்ததும் திரும்பப் பூசுவது நம் எண்ணெய் முறைக்கு உறவான வழக்கம். இன்று கிடைப்பது வைரமில்லாத இளமரம் என்பது மூன்றாவது மறுப்பு. அதை அப்படியே ஏற்கிறேன். ஆசாரிகள் மரத்தை நீரில் ஊறப்போட்டு, நிழலில் அடுக்கி, மாதக்கணக்கில் காய வைத்த பொறுமையும் அதோடு போய்விட்டது. ஆனால் மட்டமான மரத்துக்குக் கூடுதல் நிழல் வேண்டும் என்பதல்லவா அதிலிருந்து கிடைக்கும் முடிவு?

திருநாவலூர் இருக்கும் மாவட்டத்தின் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரத்தை இவ்வளவு அறிந்த தச்சர்கள் இருக்கும் மாவட்டத்தில், வீட்டுக் கதவை ஈரம் காயும் முன்பே மாட்டி, தெரியும் பக்கத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிப்பது பெரிய இழப்பு. புது வீடு கட்டுவோர் வாசலுக்கு மேல் மூன்றடியாவது தளத்தை நீட்டச் சொல்லுங்கள். நிலையைப் பொருத்தும் முன்பே அடிமுனை, மேல்முனை உட்பட ஆறு பக்கமும் பிரைமர் ஏற்றுங்கள். நிலைக்காலைச் சிமெண்டில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்துங்கள். பெயிண்ட் கடைக்குப் போவது இவற்றுக்கெல்லாம் பிறகுதான்.