இணையதள அணுகல்தன்மை

பார்வை, செவித்திறன், கை இயக்கம், கற்றல் ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களும் பிறர் துணையின்றிப் பயன்படுத்தும்படி இணையதளத்தை அமைப்பது இணையதள அணுகல்தன்மை எனப்படும். உலக மக்களில் 16 விழுக்காட்டினர், அதாவது சுமார் 130 கோடிப் பேர், குறிப்பிடத்தக்க குறைபாடு உடையவர்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம்.

பார்வையற்றவர்கள் கணினியைத் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணையோடு இயக்குகிறார்கள். திரையில் உள்ள எழுத்தை அது குரலாக்கும். பிரெய்ல் கருவி இணைந்திருந்தால் புள்ளிகளாகவும் தரும். ஜாஸ் என்னும் திரைவாசிப்பான் 1989-ல் டாஸ் கணினிகளுக்காக வந்தது. அதன் விலை எல்லோருக்கும் எட்டுவதன்று. 2006-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் தொடங்கிய என்விடிஏ இலவசமாகக் கிடைக்கிறது. ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவரும் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் டாக்பேக்கும் உடன் வருகின்றன.

பக்கம் பார்வைக்கு எப்படி இருக்கிறது என்பதைவிட, அதன் அடியில் உள்ள எச்டிஎம்எல் குறிகள் என்ன சொல்கின்றன என்பதையே திரைவாசிப்பான் நம்பியிருக்கிறது. தலைப்பைப் பெரிய தடித்த எழுத்தில் காட்டினால் மட்டும் போதாது, தலைப்பு என்றே குறியிட வேண்டும். அப்போதுதான் கேட்பவர் ஒரு விசையை அழுத்தித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். விண்ணப்பப் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, ஆதார் எண், கைபேசி எண் என நான்கு கட்டங்கள் இருக்கலாம். அருகில் எழுதியிருக்கும் சொற்களைக் கட்டங்களோடு குறிகளால் இணைக்காமல் விட்டால், கேட்பவர் காதில் பெரும்பாலும் "எடிட்", "எடிட்" என்றே விழும். எதில் எதை நிரப்புவது? இணைப்பதற்குத் தேவை ஒரு வரி நிரல்தான்.

இத்தகைய விதிகளை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 1997-ல் தொடங்கிய முன்னெடுப்பு வகுத்துவருகிறது. அதன் வழிகாட்டு நெறிகள் 1999-ல் முதலில் வெளியாயின. 2008-ல் வந்த இரண்டாம் பதிப்பு 2012-ல் ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. 2023 அக்டோபரில் 2.2 பதிப்பு வந்தது. ஏ, ஏஏ, ஏஏஏ என மூன்று நிலைகள் உண்டு. அரசுகள் பெரும்பாலும் ஏஏ நிலையைக் கேட்கின்றன. அந்த நிலையில் சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5:1 ஒளி வேறுபாடு தேவை. வெள்ளைப் பின்னணியில் நடுத்தரச் சாம்பல் நிற எழுத்து மயிரிழையில் தேறும். இன்னும் சற்று வெளிறினால் தேறாது. மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்காக எல்லாச் செயலும் கீபோர்டு வழியாக நடக்க வேண்டும். செவித்திறன் இல்லாதவர்களுக்காக வீடியோவில் வசன வரிகள் இருக்க வேண்டும். வலிப்பைத் தூண்டக்கூடும் என்பதால் எதுவும் நொடிக்கு மூன்று முறைக்குமேல் மின்னக் கூடாது.

தமிழ்ப் பக்கங்களுக்கு இவற்றோடு சொந்தச் சிக்கல் ஒன்றும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில், திரையில் தமிழாகத் தெரிவது உள்ளே ஆங்கில எழுத்துகளாகவே இருக்கிறது. அதில் தட்டிய "அம்மா"வைத் திரைவாசிப்பான் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற வரிசையாகவே பெறும். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. ஆனாலும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் இன்னும் புழங்குகின்றன. இதைவிட மோசம், கையெழுத்திட்ட தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றும் வழக்கம். அது வெறும் படம். படத்திலுள்ள எழுத்தை உணரும் மென்பொருள் வழியாகச் செல்லாதவரை அதில் வாசிக்க ஒன்றுமில்லை. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடாவிட்டாலும் தமிழ்க் குரலுக்கு மாறாமல் திரைவாசிப்பான் தடுமாறலாம்.

சட்டப் போராட்டங்களில் சிட்னி ஒலிம்பிக் வழக்கு முன்னோடி. பார்வையற்றவரான புரூஸ் மகுவயர், போட்டியின் இணையதளத்தைத் தம்மால் பயன்படுத்த முடியவில்லை என முறையிட்டார். 2000-ல் ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம், ஒலிம்பிக் அமைப்புக் குழு அவருக்கு 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு தர உத்தரவிட்டது. இந்தியாவில் அரசுத் தளங்களுக்கான வழிகாட்டு நெறிகள் 2009-ல் வந்தன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் நிறைவேறியது. கண் சிமிட்டச் சொல்லும் இணையவழி வாடிக்கையாளர் சரிபார்ப்பை முடிக்க இயலாத, அமில வீச்சுக்கு ஆளானவர்கள் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2025 ஏப்ரலில் வந்த தீர்ப்பு, டிஜிட்டல் அணுகலை அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதியாக அறிவித்தது.

நடைமுறை இன்னும் வெகுதூரம் பின்தங்கியிருக்கிறது. அமெரிக்காவின் வெப்எய்ம் அமைப்பு 2025-ல் 10 லட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதித்தபோது 94.8 விழுக்காட்டில் கண்டறியத்தக்க பிழைகள் இருந்தன. ஒரே வரி நிரல் சேர்த்தால் தளம் தானாகச் சரியாகிவிடும் என்று விற்கப்படும் கருவிகளை நம்புவதற்கில்லை. அப்படி விளம்பரம் செய்த ஆக்சஸிபீ நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த அமெரிக்க வணிக ஆணையம் 2025-ல் உத்தரவிட்டது. தானியங்கிச் சோதனைக்கும் எல்லை உண்டு: படத்தைச் சொற்களில் விவரிக்கும் மாற்று உரை இருக்கிறதா என்று அது சொல்லும், அந்த உரை படத்துக்குப் பொருந்துகிறதா என்று உறுதியாகச் சொல்லாது. திரைவாசிப்பானை நாள்தோறும் பயன்படுத்துபவரைக் கொண்டு, தளத்தை வெளியிடுவதற்கு முன்பே சோதிப்பதுதான் நம்பத்தக்க வழி.