ஓபெத்: கலைந்துபோன அணியின் கச்சேரி

ஐஐடி மெட்ராஸின் சாரங் விழாவில் 2009-இல் மேடையேறியது ஸ்வீடன் நாட்டு புரோக்ரெசிவ் மெட்டல் குழுவான ஓபெத். குன்னத்தூரிலிருந்து சென்னை 400 கி.மீ.க்கும் மேல். போக முடியாத ரசிகனுக்கு ஆறுதல், 2007-இல் வெளிவந்த 'தி ரவுண்ட்ஹவுஸ் டேப்ஸ்' என்ற நேரடிக் கச்சேரி ஆல்பம்தான்.

அது பதிவானது 2006 நவம்பர் 9 அன்று, லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில். 1847-இல் ரயில் எஞ்சின்களுக்காகக் கட்டிய வட்டக் கொட்டகை அது! இரண்டு சிடி, ஒன்பதே பாட்டு. அவ்வளவு நீளம் ஒவ்வொன்றும். உறுமிக்கொண்டே இருக்கும் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்ட் சட்டென்று தாலாட்டு போல மென்மையாகப் பாடுவார். நடுநடுவே கூட்டத்தோடு அவர் பேசும் பேச்சும் பதிவில் உண்டு.

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. 1991-லிருந்து குழுவில் இருந்த கிடார் கலைஞர் பீட்டர் லின்ட்கிரென், 2007 மே மாதம் விலகிவிட்டார். ஆல்பம் கடைக்கு வரும் முன்பே அந்த அணி கலைந்துவிட்டது. சென்னையில் ரசிகர்கள் பார்த்தது அவர் இடத்துக்கு வந்த ஃப்ரெட்ரிக் ஓகெஸனை.

ஆக, சென்னையில் நேரில் பார்த்தவர்களுக்கும் கிடைக்காத ஓர் இரவு அந்த இரண்டு சிடியில் இருக்கிறது. வெறும் இரைச்சல் என்று ஒதுக்காமல் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.