சேலஞ்சர் சமுத்திர ஆராய்ச்சிப் பிரயாணம் (1872–1876)

‘சேலஞ்சர்’ என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல், தன் பீரங்கிகளில் இரண்டு நீங்கலாக ஏனையவற்றை இறக்கிவிட்டு, அவை இருந்த இடத்தில் ரசாயனசாலையும் ஜீவசாஸ்திர அறையும் அமைக்கப்பெற்று, 1872 டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டு, 1876 மே 24 அன்று திரும்பும்வரை, ஏறக்குறைய 68,890 கடல் மைல் சுற்றி ஆழ்கடலின் உயிர்களையும் அடித்தளப் படிவுகளையும் ஆராய்ந்த பிரயாணமே இப்பெயரால் வழங்குகிறது. ராயல் சொசைட்டியின் முயற்சியால் பிரிட்டிஷ் கடற்படை இதை மேற்கொண்டது. விஞ்ஞானிகளுக்குத் தலைவராக வைவில் தாம்சனும், அவருடன் ஜான் மரே, மோஸ்லி, வில்லமோஸ்-சூம், ரசாயன நிபுணர் புக்கானன் ஆகியோரும் சென்றனர்.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், ஈஜியன் கடலில் வலையிட்டு ஆராய்ந்த எட்வர்டு ஃபோர்ப்ஸ், ஆழம் மிக மிக உயிர்கள் அருகிவருவதைக் கண்டு, சுமார் 300 பாகத்துக்குக் (ஃபாதம்) கீழே ஜீவராசிகளே இரா என்று ஊகித்திருந்தார். அக்கடலின் அடித்தளம் இயல்பாகவே உயிர்வளம் குன்றியது. ஓரிடத்தில் கண்டதை உலகத்துக்கெல்லாம் விதியாக்கியதுதான் அந்த ஊகத்தின் குறை. 1869இல் ‘பார்க்குபைன்’ கப்பலில் சென்ற தாம்சன் 2,435 பாக ஆழத்திலிருந்தே உயிருள்ள பிராணிகளை வாரி எடுத்தபோது அந்த அபிப்பிராயம் ஆட்டங்கண்டது. உலகின் பெருங்கடல்கள் எல்லாவற்றிலும் அதைச் சோதித்தறியும் பொறுப்பு சேலஞ்சருக்கு வாய்த்தது.

ஆழம் பார்த்த முறை பொறுமையை அடித்தளமாகக் கொண்டது. அடியில் குழாய் பொருத்திய இரும்புத் தண்டொன்றில் வளைய வடிவான கனத்த எடைகளைக் கோத்து, 25 பாகத்துக்கு ஓர் அடையாளமிட்ட சணற்கயிற்றில் கட்டிக் கடலில் இறக்குவார்கள். ஒவ்வோர் அடையாளமும் நீரில் மறையும் நேரத்தைக் குறித்துவர, இரண்டு அடையாளங்களுக்கு இடையிலான நேரம் சட்டென்று நீளும் தறுவாயில், எடை தரையைத் தொட்டுவிட்டது என்று தெரியும். தரையைத் தொட்டதும் எடைகள் கழன்று அங்கேயே தங்கிவிட, குழாய் மட்டும் தன்னுள் புகுந்த சேற்றோடு மேலே வரும். பின்னர் வாருவலையை இறக்கி, மெல்ல இழுத்து, நீராவி இயந்திரத்தால் ஏற்றுவதற்குள் பகற்பொழுதில் பெரும்பகுதி கழிந்துவிடும். தளத்தில் கொட்டிய சேற்றைக் கடல்நீர்த் தொட்டிகளில் அமிழ்த்திய பல கண்ணளவுச் சல்லடைகளில் அலசி, நத்தைகளையும் நட்சத்திர மீன்களையும் புழுக்களையும் பொறுக்கி எடுத்துச் சாராயத்தில் இட்டார்கள். இவ்வாறு 362 நிலையங்களில் வேலை நடந்தது. 1875 மார்ச் 23 அன்று, பசிபிக்கில் குவாம் தீவுக்குத் தென்மேற்கே, 4,475 பாகம், அதாவது எட்டுக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஆழம் கண்டது இப்பிரயாணத்தின் உச்சம்.

ஆயினும் இப்பிரயாணத்தின் மேன்மை, புதிய பிராணிகளின் தொகையைவிட, சேற்றின் வரலாற்றை அறிந்ததிலேயே இருக்கிறது. அட்லாண்டிக்கின் தரையில் பெரும்பரப்பை மூடியிருக்கும் வெளிர்ச் சேற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், அது குளோபிஜெரினா முதலிய நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகளே என்பது விளங்கும். அவ்வுயிர்கள் அடித்தளத்தில்தான் வாழ்கின்றன என்று தாம்சன் நம்பியிருந்தார். மரேயோ மேல்நீரில் நுண்வலையை நாள்தோறும் இழுத்து, அதே உயிர்கள் முடியினும் மெல்லிய முட்கள் நாற்புறமும் விரிய மிதப்பதைக் கண்டார். அவை இறந்து அமிழும்போது முட்கள் ஒடிந்துபோக, உருண்டை ஓடுகள் மட்டும் தரையில் சேர்கின்றன. இச்சான்றைக் கண்டபின் தாம்சன் தம் பழைய கருத்தைக் கைவிட்டார். தரையின் சேறு மேலே வாழ்ந்த உயிர்களின் பெயர்ப்பட்டியல் என்னும் இவ்வுண்மை, வலை ஒருபுறமும் ஆழம் பார்க்கும் குழாய் மறுபுறமும் ஒரே கப்பலில் ஒரே நாளில் இயங்கியதால்தான் கிடைத்தது. சேற்றை மட்டும் பார்த்தவர்க்கும் உயிரை மட்டும் பார்த்தவர்க்கும் அது எட்டியிராது.

மேலும் ஆழத்துக்குச் செல்லச் செல்ல, மேல்நீரில் அவ்வுயிர்கள் நிறைந்திருந்தும், தரையில் ஓடுகள் குறைந்து, சுமார் 2,500 பாகத்துக்கு அப்பால் பெரும்பாலும் இல்லாமலே போகின்றன. குளிர்ச்சியும் அழுத்தமும் கரியமில வாயுவும் மிகுந்த ஆழ்நீர் சுண்ணாம்பைக் கரைத்துவிடுவதே அதன் காரணம். எஞ்சுவது செங்களிமண். கரைந்த ஓடுகளின் மிச்சமே அது என்று தாம்சன் முதலில் எண்ண, நுரைக்கல் முதலான எரிமலைப் பொருள்கள் சிதைந்து உண்டானதென்று மரே வாதித்தார். பாலைநிலங்களிலிருந்து காற்று சுமந்துவரும் தூசிக்கும் அதில் பெரும் பங்கு உண்டென்பது பிற்கால ஆராய்ச்சியின் முடிவு. ஆயிரம் ஆண்டுகளில் ஒரு மில்லிமீட்டர் அளவே படியும் அம்மண்ணில், சுறாவின் பற்களும் திமிங்கிலத்தின் காதெலும்புகளும், விண்கற்களிலிருந்து உதிர்ந்த காந்தத் தன்மையுள்ள நுண்மணிகளும் சேர்ந்தே கிடைத்தன. உருளைக்கிழங்கு போன்ற கரிய மாங்கனீஸ் முண்டுகளும் வலையில் வந்தன. அவற்றில் ஒன்றை அறுத்துப் பார்த்தால், வளையத்தின்மேல் வளையமாக உலோகம் படிந்திருக்க, நடுவில் ஒரு சுறாப் பல் இருப்பதும் உண்டு.

ஜீவசாஸ்திர நிபுணர் ஹக்ஸ்லி 1868இல், ஆழ்கடற் சேற்று மாதிரிகளில் கண்ட பாகு போன்ற பொருளைத் தரையெங்கும் பரந்த ஆதி உயிர் என்று கருதி ‘பாத்திபியஸ்’ எனப் பெயரிட்டிருந்தார். சேலஞ்சரில் புதிதாக எடுத்த சேற்றில் அது காணப்படவே இல்லை. மாதிரியைப் பாதுகாக்க ஊற்றிய சாராயம் கடல்நீரிலிருந்து பிரித்த கால்சியம் சல்பேட்டே அது என்று புக்கானன் நிறுவ, ஹக்ஸ்லியும் தம் கருத்தை வெளிப்படையாகத் திரும்பப் பெற்றார்.

கொண்டுவந்த பொருள்களைப் பல நாட்டு நிபுணர்களுக்குப் பகிர்ந்தளித்து, அறிக்கைகளை 1880 முதல் 1895 வரை ஐம்பது தொகுதிகளாக வெளியிட்டனர். புதிய இனங்கள் சுமார் 4,700 என்பர். 1882இல் தாம்சன் மறைந்தபின் மரே அப்பெரும்பணியை ஏற்று முடித்தார். ரெனார் என்பவருடன் சேர்ந்து 1891இல் அவர் வெளியிட்ட ஆழ்கடற் படிவுகள் பற்றிய தொகுதி அத்துறைக்கு மூலநூலாயிற்று. மரே விட்டுச்சென்ற செல்வத்தைக்கொண்டே 1933–34இல் ‘மபாஹிஸ்’ என்னும் எகிப்தியக் கப்பல், சேலஞ்சர் எட்டிப் பாராத அரபிக்கடலையும் வட இந்தியப் பெருங்கடலையும் ஆராய்ந்தது.

சேலஞ்சர் மாதிரிகள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அவற்றிலுள்ள பசிபிக் நுண்ணுயிர் ஓடுகளை, 2009க்கும் 2016க்கும் இடையில் ‘தாரா’ கப்பல் சேகரித்தவற்றோடு கதிர்ப்படம் எடுத்து ஒப்பிட்டது. இக்காலத்து ஓடுகள் சில 76 சதவீதம் வரை மெலிந்திருந்தன.