பீங்கான் தூசியும் விழுங்கும் செல்லும்

விருத்தாசலம் பீங்கான் ஊராக வளர்ந்ததற்கு நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேல் படிந்து கிடக்கும் சீனக்களிமண்ணும், ஊரிலேயே அமைந்த செராமிக் தொழிற்பேட்டையும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிற்சி நிலையமும் காரணங்களாயின. ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர், பொம்மை, அகல் விளக்கு முதலியவற்றைச் செய்யும் சிறு பட்டறைகள் இவற்றைச் சார்ந்தே பெருகின. ஏரி வண்டலைக் குழைத்துப் பானை வனையும் வேளார் பெரும்பாலும் ஈர மண்ணையே கையாண்டனர். பீங்கானுக்கோ களிமண்ணோடு குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்னும் கற்களையும் மாவாக அரைத்துச் சேர்க்க வேண்டியிருந்ததால், குவார்ட்ஸின் வேதிப்பொருளான சிலிகா, கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பட்டறைக் காற்றில் கலக்கும் நிலை புதிதாக ஏற்பட்டது.

இந்தத் தூசியின் தீங்கு இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிலில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே உணரப்பட்டிருந்தது. பாண்டத்துக்கு வெண்மை தர அங்கே களிமண்ணோடு சேர்க்கப்பட்ட சிக்கிமுக்கிக் கல்லை உலர்வாக இடித்தோர் மூச்சுத் திணறி மடிந்ததைக் கண்ட தாமஸ் பென்சன் என்பவர், 1726இல் அக்கல்லை நீருக்குள் வைத்து அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஆயினும் காய்ந்த பாண்டத்தின் விளிம்பைச் சுரண்டுகையிலும், சூளைப் பெட்டிக்குள் பாண்டங்களைக் கற்பொடி தூவி அடுக்குகையிலும் தூசி எழுந்துகொண்டேயிருந்தது. அவ்வாறு அடுக்குவதற்குத் தடை வர 1947 ஆயிற்று. நோய்க்குக் காரணம் தெரிந்த பிறகும் தீர்வு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் தாமதித்ததற்கு அறியாமையை மட்டும் குறைகூற முடியாது.

இந்தியாவில் சிலிகாத் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்னும் இந்நோய் முதலில் தெளிவாக வெளிப்பட்ட இடம், வடஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற தமிழர் பெருந்தொகையாக உழைத்த கோலார் தங்கவயல். குவார்ட்ஸ் பாறையைத் துளைத்தவர்களின் நுரையீரல் தழும்பேறி இறுகியமை 1930களில் அங்கே கண்டறியப்பட, மைசூர் அரசு 1940இல் சிலிகோசிஸ் இழப்பீட்டுக்கான விதிகளை வகுத்தது.

கல் எவ்வாறு தழும்பாகிறது என்பதற்கான விளக்கம் வேறொரு துறையிலிருந்து வந்தது. 1882இல் மெசினா நகரில் நட்சத்திர மீனின் இளம் உயிரிக்குள் ரோஜா முள்ளைச் செருகிப் பார்த்த உயிரியலாளர் மெச்னிகாஃப், சில செல்கள் அந்த முள்ளைச் சூழ்ந்து மொய்ப்பதைக் கண்டார். அயற்பொருளை விழுங்கிச் செரித்து உடலைக் காக்கும் செல்கள் உண்டு என்னும் இக்கருத்துக்காக 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நுரையீரலின் காற்றுப் பைகளில் உலவும் பெருவிழுங்கி செல்கள் இவ்வகையினவே. கிருமியைச் செரிக்கும் இவற்றால் சிலிகாப் படிகத்தைச் செரிக்க இயலாது. படிகம் செல்லுக்குள் இருக்கும் செரிமானப் பையைக் கிழிக்க, செல் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூகின் போன்ற பொருள்களை உமிழ்ந்து மடிகிறது. வெளிப்பட்ட படிகத்தை அடுத்த செல் விழுங்குகிறது. பட்டறையை விட்டு விலகி ஆண்டுகள் கழிந்த தொழிலாளியிடமும் நோய் முற்றுவதற்கு இச்சுழற்சியே காரணம். அழற்சியை முடுக்கிவிடும் செல்லுக்குள்ளான புரதத் தொகுதியைச் சிலிகாப் படிகம் தூண்டுகிறது என்பது 2008இல்தான் கண்டறியப்பட்டது.

பெருவிழுங்கிகள் தீங்கு செய்வது நுரையீரலில் மட்டுமன்று; இவ்வகைச் செல்கள் அடிவயிற்றுப் பெருந்தமனி வீக்கத்திலும் பங்கு கொள்கின்றன. ஏறத்தாழ 2 செ.மீ. அகலமுள்ள அந்தக் குருதிக்குழாய் 3 செ.மீ.க்கு மேல் உப்புவதையே மருத்துவர் இவ்வாறு அழைக்கின்றனர். நுரையீரலில் நார்ப்பொருள் மிகுதியாகப் படியக் காரணமாகும் பெருவிழுங்கிகள், தமனிச் சுவரில் எலாஸ்டின் என்னும் மீள்நாரை அரிக்கும் நொதிகளைச் சுரந்து சுவரை நலிவிக்கின்றன. நிணநீர் செல்களும் அங்கே திரண்டு அழற்சியை நீட்டிக்கின்றன. இங்கே முதன்மையான தூண்டுதல்களுள் ஒன்று புகைபிடித்தல்.

நுரையீரலிலோ, சிலிகாவால் நலிந்த விழுங்கி செல் காசநோய்க் கிருமியையும் கொல்ல இயலாமல் போவதால், கல் தூசியில் உழைப்போரிடம் இரு நோய்களும் சேர்ந்தே காணப்படுவதுண்டு. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சிலிகோசிஸை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக அட்டவணையில் சேர்த்தது. ஆனால் மின்விசையுடன் பத்துப் பேருக்குக் குறைவானோர் பணிபுரிந்த பட்டறைகள் பொதுவாக அச்சட்டத்துக்கு வெளியே நின்றன. அத்தகைய இடத்திலிருந்து இருமலோடு வருபவர் காசநோய் மருந்து பெற்றுத் திரும்பும்போது, தொழிலைப் பற்றி எவரும் கேட்காவிட்டால் சிலிகோசிஸ் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.