ஆயிரம் படங்களும் இரு கட்சிகளும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியிருக்கும் நம்மவர்க்கு அண்டை வீட்டு மொழி தெலுங்கு. கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் அதனைப் பேசுகின்றோம். நம் பிள்ளைகள் பள்ளியில் அதனை எழுதுகின்றனர். ஆயினும், அம்மொழியின் நூல்களுள் எத்தனையைப் படித்திருக்கின்றோம் என்று ஒருவர் கேட்டால் தலை குனிய வேண்டியதுதான். அவ்வாறு குனிந்தவருள் யானும் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் தெலுங்கு நண்பர் இருவர் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு நாவலைப் பற்றி மாலைப் பொழுது முழுவதும் வழக்காடினர். ஒருவர், "இஃது எங்கள் இதிகாசம்" என்றார். மற்றவர், "இது பழமையின் பரண்" என்றார். காப்பி ஆறிப் போயிற்று; வழக்குத் தீரவில்லை. அந்நூலை எழுத்துக் கூட்டியேனும் படித்துவிடுவது என்று அன்று துணிந்தேன். எட்டுத் திங்கள் பிடித்தது.

அந்நாவல் விசுவநாத சத்தியநாராயணர் இயற்றிய 'வேயி படகலு'. ஆயிரம் படங்கள் என்பது பொருள். பாம்பு எடுக்கும் படத்தையே இங்குக் கூறியது. ஆசிரியர் 1895-ஆம் ஆண்டு கிருஷ்ணா மாவட்டத்து நந்தமூரில் பிறந்தவர். 1976-இல் மறைந்தார். இராமாயண கல்பவிருட்சம் என்னும் அவரது காவியம் 1970-ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசைத் தெலுங்குக்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்தது. ஆயினும் மக்கள் நாவில் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது இந்நாவலே. 29 நாட்களில் எழுதி முடித்தார் என்று தெலுங்கர் இன்றும் வியந்து சொல்வர்.

1930-களின் நடுவில் ஆந்திரப் பல்கலைக்கழகம் நாவல் போட்டி ஒன்று நடத்தியது. பரிசு ஒருவர்க்கே செல்லாமல் 'வேயி படகலு'வுக்கும் அடிவி பாபிராஜு எழுதிய 'நாராயணராவ்' என்னும் நாவலுக்குமாகப் பகிரப்பட்டது. ஆகவே, நூல் வெளிச்சத்துக்கு வந்த நாளிலேயே வழக்குத் தொடங்கிவிட்டது எனலாம். 1931 முதல் 1936 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக வீற்றிருந்தவர், திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பள்ளிப் படிப்புப் பயின்ற டாக்டர் இராதாகிருஷ்ணன். அத்திருத்தணி 1960 வரை நம் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தத்துவப் பேராசிரியர் தலைமை தாங்கிய கழகத்தில் தத்துவ நாவல் பரிசு பெற்றதில் காரண காரியம் காண யான் புகவில்லை. நம்மூர்ப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒரு செய்தி, அவ்வளவே.

கதைக்கு நிலைக்களம் சுப்பன்னபேட்டை என்னும் சிற்றூர். ஆயிரம் படமுள்ள நாகம் அவ்வூரின் தருமத்துக்கு அடையாளமாக நிற்கின்றது. ஜமீன், கோயில், குடிகள், கலைகள் எல்லாம் அதன் நிழலில் வாழ்கின்றன. காலம் மாற மாற ஒவ்வொரு படமாக அழிகின்றது. முடிவில் இரண்டே எஞ்சுகின்றன. அவ்விரண்டும் இல்லறத்தின் குறி. கணவனும் மனைவியும் என்று கொள்க. கதைத் தலைவன் தர்மாராவ். செல்வம் இழந்த அந்தணக் குடியில் வந்தவன், ஆசிரியன், கவிஞன். அவன் கண்ணின் வழியாகவே ஊரின் சரிவை நாம் காண்கின்றோம்.

சுப்பன்னபேட்டை நமக்கு அயலூர் அன்று. கார்வேட்டிநகரம் சென்று வந்தவர்க்கு இது விளங்கும். அங்கும் ஜமீன் இருந்தது. அங்கும் வேணுகோபாலசுவாமி கோயில் கொண்டிருக்கின்றார். அப்பெருமான் மீது சாரங்கபாணி பாடிய பதங்களை ஆடல் மகளிர் அபிநயித்தனர். நாவலிலும் வேணுகோபாலனையே நாயகனாக வரித்த தேவதாசி ஒருத்தி வருகின்றாள்; பெயர் கிரிகை. அவள் ஆடி ஆடி இறைவனோடு கலக்கும் பகுதியைப் படிக்கும்போது வாதம், கட்சி எல்லாம் மறந்துபோகின்றன. இரவு இரண்டு மணிக்கு யான் அதனைப் படித்து முடித்தேன். பிறகு உறக்கம் வரவில்லை.

ஆனால், உறக்கம் வராமைக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்நாவல் எழுதப்பட்ட காலத்தில்தான் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் கிளர்ச்சி சென்னை மாகாணம் எங்கும் நடந்துகொண்டிருந்தது. 1947-இல் அதற்குச் சட்டமும் வந்தது. சித்தூர் மாவட்டமும் அதற்கு உட்பட்டதே. கிரிகையின் பக்தி மெய். அவள் போன்றோர் பட்ட துன்பமும் மெய். ஆசிரியர் முதலாவதைப் பாடுகின்றார். இரண்டாவதைப் பற்றி அவர் எழுதுகோல் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. ஜமீன் ஆட்சியைப் பற்றியும் அப்படியே. 1948-இல் சென்னைச் சட்டம் ஜமீன்களை ஒழித்தபோது மகிழ்ந்த குடியானவனுடைய குரலை இந்நூலில் தேடுவார் ஏமாறுவர்.

எதிர்க்கட்சியார் சினம் கொண்டதன் காரணம் இதுவே. 1943-இல் தெனாலியில் தோன்றிய அப்யுதய எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோர், வருணாசிரமத்துக்கு வக்காலத்து வாங்கும் நூல் என்று இதனைத் தள்ளினர். ஆங்கிலக் கல்வி, புது மருத்துவம், புதிய பழக்கங்கள் எதுவாயினும் ஆசிரியர்க்கு ஐயத்துக்குரியதே. கதை நின்றுவிடும், சொற்பொழிவு பக்கக் கணக்கில் நடக்கும். இங்கே கட்டமஞ்சி இராமலிங்க ரெட்டியாரை நினைக்க வேண்டும். நம் சித்தூர்க் கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்தவர்; இராதாகிருஷ்ணனுக்கு முன்னும் பின்னும் அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். 1914-இல் 'கவித்துவ தத்துவ விசாரம்' எழுதிப் பழைய பிரபந்தங்களை நிறுத்துப் பார்த்தவர். கதைக்கு உதவாத வருணனை குறை என்றார். கதைக்கட்டுக் குலையாத பிங்களி சூரனரின் 'களாபூர்ணோதய'த்தைப் போற்றினார். பண்டிதர் பலர் அதற்காக அவரைச் சும்மா விடவில்லை. அவர் கோலைக் கொண்டு அளந்தால் 'வேயி படகலு' பல இடங்களில் நீளம் மிகும்; மூன்றில் ஒரு பங்கைக் குறைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்பது என் கருத்து.

நமக்கும் இவ்வழக்குப் புதிதன்று. இராஜம் ஐயர் 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் எழுதிய 'கமலாம்பாள் சரித்திர'த்திலும் முற்பகுதியில் ஊர் வம்பும் நகைச்சுவையும் கொழிக்கின்றன. பிற்பகுதியில் வேதாந்தம் ஏறி அமர்கின்றது. அந்தப் பிற்பகுதி கதையின் கனியா, கதைமேல் வைத்த பாரமா என்று தமிழர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆனால் இராஜம் ஐயரின் வேதாந்தம் தனி மனிதனின் அமைதியை நாடியது. விசுவநாதர் ஊர் முழுவதன் ஒழுங்கையும் மீட்கக் கேட்கின்றார். ஆகையால் அவரோடு மாறுபடுவார்க்கு வெறுப்பும் மிகுதி.

1968-இல் இதனை 'சகஸ்ரபண்' என்று இந்தியில் பெயர்த்தவர் பி. வி. நரசிம்மராவ். அன்று ஆந்திர அமைச்சர். 1991-இல் பாரதப் பிரதமர். நாட்டில் தாராளப் பொருளாதாரத்துக்குக் கதவு திறந்தவர், பழமை போயிற்றே என்று கரையும் நாவலைப் பல காலம் மனத்தில் தாங்கியிருந்தார் என்பது எனக்கு வியப்பே. ஒரு நூலை நேசிக்க அதன் கொள்கையை ஏற்க வேண்டியதில்லை போலும்.

என் தீர்ப்பை நண்பர் இருவரிடமும் சொன்னேன். சரிந்துபோன ஓர் ஊரின் உயிரை இத்துணை அன்போடு எழுதியவர் அரியர் என்பதால் புகழ் தகும். அச்சரிவால் விடுதலை பெற்றோரை எண்ணாமையால் 'இதிகாசம்' என்னும் பட்டம் தகாது என்றேன். இருவர்க்கும் மனக்குறை. முதல் நண்பர், கல்பவிருட்சத்தைப் படித்துவிட்டுப் பேசுமாறு கூறினார். மற்றவர் மறுநாள் காலையிலேயே சலம் 1927-இல் எழுதிய 'மைதான'த்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அது சிறு நூல்தான், மேசைமேல் இருக்கின்றது.