கொழுந்து மடுவமும் பிள்ளை மடுவமும்

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் மடுவம் இரண்டு. கொழுந்து நிறுக்கிற இடம் கொழுந்து மடுவம். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தையை விட்டுப் போகிற இடம் பிள்ளை மடுவம். இரண்டுக்கும் ஒரே சொல் யோசித்து வைத்ததோ தானாக வந்ததோ, பொருந்திவிட்டது. இரண்டும் ஒரே கணக்கிலிருந்து பிறந்தவை.

அந்தக் கணக்கு தேயிலையோடு வந்தது. கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு ஆள் வரும், முடிந்ததும் ஊர் திரும்பும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1869இல் கோப்பி இலையில் நோய் விழுந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் போட்டிருந்த தேயிலை மெல்ல மெல்ல அந்த நிலத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. தேயிலைக்குப் பருவம் கிடையாது. மழையோ வெயிலோ, சில நாளுக்கொரு முறை அதே மலையில் கொழுந்து எடுத்தாக வேண்டும். அதற்குப் பெண்கள் வேண்டும், வருடம் முழுக்க வேண்டும். ஆகவே குடும்பம் குடும்பமாக லயம் என்ற வரிசை வீடுகளில் குடியேறினார்கள். குடும்பம் இருந்தால் பிள்ளை பிறக்கும். பிள்ளை பிறந்தால் நெறையில், அதாவது கொழுந்து பறிக்கும் வரிசையில், ஒரு கை குறையும்.

முதலில் மரக்கிளையில் சேலைத் தொட்டில், காவலுக்கு ஏழெட்டு வயது அக்கா. பிறகு லயத்தில் ஒரு காம்பரா ஒதுக்கி, மலை ஏற முடியாத ஒரு கிழவியை உட்கார வைத்தார்கள். பிள்ளைக் காம்பரா என்றும் அதற்குப் பெயர் உண்டு. கிழவி ஆயாம்மா ஆனாள். அழுதால் ஆட்ட வேண்டும், பசித்தால் ஊட்ட வேண்டும், அடுப்பருகே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவளிடம் வேறெதையும் எவரும் எதிர்பார்க்கவில்லை.

இரத்தினபுரி மாவட்டத்தின் கலவானப் பக்கம் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் நுவரெலியாவைப் போல அடுத்தடுத்துக் கிடப்பவை அல்ல. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, சிங்கராஜக் காட்டோரம் வரை, துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கின்றன. தேயிலையோடு இறப்பரும் உண்டு. பால் வெட்டுக்கு விடியும் முன்பே கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும். தூக்கம் கலையாத பிள்ளை அரை இருட்டில் கைமாறும்.

சட்டம் பிறகு வந்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். பிற்காலத் திருத்தங்களில் விடுமுறை 84 நாளாயிற்று, ஆனால் ஏற்கெனவே இரண்டு பிள்ளை இருந்தால் 42 நாள்தான். மூன்றாவதாய்ப் பிறந்தது அதன் குற்றம் என்பதுபோல. 2018இல்தான் அந்த வேறுபாட்டை நீக்கினார்கள். ஒரு வயது வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை என்றும் அதே சட்டம் சொல்கிறது. வேலைத்தலத்தில் மடுவம் இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணி நேரம், இருந்தால் அரை மணி. நடக்கிற தூரத்தைக் கணக்குப் பார்த்திருப்பார்கள். இருந்தாலும் பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால், மடுவம் வந்தது, அம்மாவின் நேரம் பாதியாயிற்று.

இனி, மடுவத்துக்குள் பிள்ளைகள் ஒருவரையொருவர் கடிக்கிற கடிக்கு வருகிறேன்.

பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் ஓரிடத்தில் கிடந்தால் கடி இருக்கும். ஒன்றேகால் வயதுப் பையன் பக்கத்துப் பிள்ளையின் தோளைக் கடிப்பான், கிண்ணத்தால் அடிப்பான், தலைமயிரைப் பிடித்து இழுப்பான். உடனே அவனுக்குக் கடியன் என்று பட்டம். அப்பன் குடிகாரன், மகன் வேறெப்படி இருப்பான் என்று ஜாதகமும் எழுதியாகிவிடும். அடியாத மாடு படியாது என்று முதுகில் இரண்டு.

ஆனால் பிள்ளையின் இந்தக் கோபத்தைக் கவனித்துப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் மினசோட்டாவில் புளோரன்ஸ் குட்இனஃப் என்ற உளவியலாளர் 45 பிள்ளைகளின் கோபத்தை அவரவர் வீட்டிலேயே குறித்து வைக்கச் சொன்னார். நாட்குறிப்பை எழுதியவர்களில் பெரும்பாலோர் தாய்மார். 1931இல் புத்தகமாக வந்தது. கோபம் உச்சத்துக்குப் போவது இரண்டாவது வயதில், பிறகு தணிகிறது என்று அதில் தெரிந்தது. கனடாவின் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே அதை இன்னும் அழுத்திச் சொன்னார்: பிள்ளை அடிக்கக் கற்றுக்கொள்வதில்லை, அடிக்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறது. அவருடைய குழு 572 குடும்பங்களைப் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், யாரிடம் அந்த அடி தணியாமல் நிற்கிறது என்று பார்த்தார்கள். வருமானம் குறைந்த வீடு, இளவயதில் தாயானவள், கூடப்பிறந்த சின்னஞ்சிறுசுகள், அதட்டி அடித்து வளர்ப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. லயத்தை நேரில் பார்த்து எழுதியதுபோல இருக்கும். தாயை மட்டும் குற்றவாளியாக்க அந்தப் பட்டியலில் இடமில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தாய் செய்வதைப் போலவே, தாய் பிள்ளையைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பதும் முக்கியம் என்ற எண்ணத்துக்கு வேர், வயல் வேலை செய்த தாய்மாரிடம் இருக்கிறது. 1954இல் மேரி ஐன்ஸ்வர்த் உகண்டா போனார். கம்பாலாவைச் சுற்றிய கிராமங்களில் 26 தாய்மாரின் வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சென்றார். தன் பிள்ளையைப் பற்றி நுணுக்கமாக, ஆசையாகச் சொல்லத் தெரிந்தவளின் பிள்ளை அவளிடம் கூடுதல் நிம்மதியோடு ஒட்டியிருந்ததைக் கண்டார். 1997இல் இங்கிலாந்தின் எலிசபெத் மீன்ஸ் அதற்கு ஒரு பெயரே வைத்தார். பிள்ளையை வெறும் வயிறாகப் பார்க்காமல், மனம் உள்ள ஓர் ஆளாகப் பார்ப்பது என்று அதற்குப் பொருள்.

நம் பெண்களிடம் அதற்குச் சொல் முன்பே இருக்கிறது. “புள்ளைக்கு அம்மாவத் தேடுது” என்பார்கள். தேடுது என்ற அந்த ஒரு சொல் அழுகைக்குப் பின்னால் ஒரு மனத்தை வைத்துவிடுகிறது. கடியன் என்ற சொல் வைப்பது பல்லை மட்டும். ஒரே லயத்தில், ஒரே வாயில் இரண்டு சொல்லும் புழங்குகின்றன. எது எப்போது வரும் என்பது அநேகமாக அன்றைய களைப்பைப் பொறுத்தது. அட்டை கடித்த காலோடு, எடை குறைந்ததற்குப் பேச்சு வாங்கி வந்தவளிடம் தேடுது என்ற சொல் வராவிட்டால் அவளைக் கோபிக்க எனக்கு மனமில்லை.

மடுவமும் மாறத்தான் செய்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் போனபோது நலன்புரி வேலைக்கு ஒரு பொது நிதியம் உண்டாயிற்று, அதுவே இன்றைய பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம். மடுவத்துக்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். கிழவி இருந்த இடத்தில் பயிற்சி பெற்ற உத்தியோகத்தர். சுவரில் படம், மூலையில் விளையாட்டுச் சாமான், பிள்ளையை நிறுக்கத் தராசு. ஊர்வாயில் இன்னும் அது பிள்ளை மடுவம்தான்.

தராசு நல்லது, எடை குறைந்த பிள்ளையை அது காட்டிக்கொடுக்கும். ஆனால் கடித்தவன் ஏன் கடித்தான், காலையில் எப்படி வந்தான், யாரைத் தேடினான் என்பதை ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். உத்தியோகத்தரும் தாயும் நின்று பேச பாலூட்டும் இடைவேளையை விட்டால் வேறு நேரம் இல்லை. பகலில் பால் கொடுக்க ஓடி வருகிறவளுக்குச் சட்டம் தருவது இன்றைக்கும் அரை மணிதான், மலையிலிருந்து இறங்கி ஏறுகிற நேரமும் அதற்குள்ளேயே.